புகைவாசல், எட்டுப் பல் முன்னால்

மின்சாரம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் செத்துக் கிடந்த வருஷத்தில், வைகாசி மாதத்து ஒரு மத்தியான வேளையில், கரட்டுமேட்டுப் பட்டறை வீதியில் நாச்சிமுத்து செய்த எஞ்ஜின் பெட்ரோல் தீர்ந்த பிறகும் ஓடியது. அவன் குழாயைப் பிடுங்கிப் பார்த்தான், ஓடியது. டப்பாவைக் கவிழ்த்து உதறிக் காட்டினான், அப்போதும் ஓடியது. எதிர்ப் பட்டறையில் துளை போட்டுக்கொண்டிருந்த மாதேசன் எட்டிப் பார்த்து, "ஓடுனா ஓடட்டும் மாப்ள, நல்லதுதான" என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பினான்.

அந்த நேரத்தில் அங்கே இருந்த இன்னொரு ஆள் மயிலாத்தாள். நாச்சிமுத்துவுக்கு அண்ணி. கொழுந்தனுக்குச் சோறு கொண்டுவந்தவள், தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அவளுடைய வீட்டுக்காரர் குப்பண்ணன் செத்து அன்றைக்கு முப்பதாம் நாள்.

குப்பண்ணன் எப்படிச் செத்தார் என்பது வீதிக்கே தெரியும். பெரிய கம்பெனியின் வார்ப்படச் சாலையில், உருக்கிய இரும்பைச் சுமந்து போகும் வாளியைத் தூக்குகிற சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்திருந்தது. அவர் மூன்று தடவை போய்ச் சொன்னார். மூன்றாம் தடவை சொன்ன மறுநாள் வேலைக்குப் போனபோது சங்கிலி மாறியிருக்கவில்லை, அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிளந்த வாய்க்குள் பெயிண்ட் போய் அடைத்துக்கொண்டதால் பார்வைக்கு அது புதுச் சங்கிலி மாதிரியே இருந்தது. நாலாம் நாள் அது அறுந்தது. வீட்டுக்கு வந்தது ஒரு சைக்கிளும், ஒரு டிபன் பாக்ஸும், பிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த ஒரு வெள்ளைத் துணி மூட்டையும். நிற்கக் கூடாத இடத்தில் நின்றது அவரது கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. அறுந்த சங்கிலி எங்கே என்று கேட்டதற்கு, எந்தச் சங்கிலி என்று கேட்டார்கள்.

அந்த முப்பது நாளும் மயிலாத்தாளின் நெஞ்சுக்குள் அடுப்பு அணையவில்லை. அதே கம்பெனியில்தான் அவளும் இருபது வருஷமாக மணல் அச்சுப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே, புதுச் சங்கிலி ஒன்று தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. ஆவணி மூன்றாம் செவ்வாயன்று தொழிற்சாலை ஆய்வு அதிகாரி விசாரணை வைத்திருந்தார். சங்கிலியைப் பார்த்த ஆறு பேர் சாட்சி சொல்வதாக இருந்தார்கள். அந்த நாளுக்காகத்தான் அவள் சாப்பிட்டாள், அந்த நாளுக்காகத்தான் தூங்கினாள்.

எஞ்ஜினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்குள்ளே மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டன் கிடையாது. பக்கம் உப்பிய முக்கோணமாக, பெரிய கொழுக்கட்டை மாதிரி ஒரு இரும்பு, இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். அதனால் வீதிக்காரர்கள் அதைக் கொழுக்கட்டை எஞ்ஜின் என்றார்கள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்ட நாச்சிமுத்து பழைய இரும்புக் கடையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி ஆறு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தான். அந்த மாதிரி எஞ்ஜினுக்கு வால்வு கிடையாது. கூட்டின் சுவரில் காற்று வர ஒரு வாசல், புகை போக ஒரு வாசல், சுற்றுகிற இரும்பே இரண்டையும் மூடித் திறக்கும். குறையே அதில்தான் இருக்கிறது என்பான் நாச்சிமுத்து. "கொஞ்ச நேரம் ரெண்டு வாசலும் ஒண்ணாத் தொறந்து கெடக்குது அண்ணி. வர்ற நல்ல காத்து, நின்னு எரியாம, போற பொகையோட சேந்து வெளிய போயிருது." அதற்காக ஒவ்வொரு வாசலுக்கும் வெளியே பிளவு வெட்டிய ஓர் உருளையை வைத்து, சைக்கிள் செயின் போட்டுச் சுற்ற விட்டான். எந்த உருளை எப்போது திறக்க வேண்டும் என்பதை எஞ்ஜின் ஓடும்போதே மாற்றுவதற்கு இரண்டு கைப்பிடிகள், அவை பல் பல்லாக நகர ஒரு பற்சட்டம். ஒரு பல் தள்ளினால் சத்தம் மாறும், இரண்டு பல் தள்ளினால் வேகம் மாறும். காற்று உருளையை மூன்று பல் முன்னால் தள்ளிய அன்றைக்குத்தான், அண்ணனின் சைக்கிளை மூலையில் சாத்தி வைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் அவன் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தான்.

எஞ்ஜின் அந்தக் கோபத்தைத்தான் குடித்தது.

அவன் திட்டத் திட்ட ஓட்டம் ஏறியது. பிறகு அவனுக்குத் திட்ட எதுவும் அகப்படவில்லை. வெந்நீரில் குளித்தெழுந்தவன் மாதிரி முகம் தெளிந்து, சோற்றுப்போசியை வாங்கித் திறந்து, "பருப்புல இன்னிக்கு உப்புக் கொஞ்சம் கம்மிங்க அண்ணி" என்றான். முப்பது நாளில் அவன் சோற்றைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். மயிலாத்தாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் நெஞ்சிலிருந்தும் ஏதோ ஒன்று, பாலில் படிந்த ஏட்டை விரலால் வழிப்பது போல, வலிக்காமல் வழிந்து போனது. திண்டின் மேல் உட்கார்ந்து அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

எஞ்ஜினோடு டைனமோவை இணைத்தார்கள். நாற்பது பட்டறைக்கும் கரண்டு போனது. நின்று கிடந்த லேத்துகள் ஓடின, கிரைண்டர்கள் ஓடின, மாவு மில் ஓடியது. எதைப் போட்டு ஓட்டுகிறாய் என்று கேட்டவர்களிடம் நாச்சிமுத்து உள்ளதைச் சொன்னான். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் எந்தக் கோபம் மலிவாகக் கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். ஓட்டம் தளரும் நாளில் டீக்கடைச் செல்லப்பன் கடையிலிருந்து பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, காற்றுவாசலுக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் மூன்றே மாதத்தில் மின்வெட்டு தீரும் என்ற செய்தியைச் சத்தமாகப் படிப்பார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு கணம் சுரீரென்று ஏறும், எஞ்ஜின் நிமிர்ந்து ஓடும், எல்லோரும் சாந்தமாகக் கலைந்து போவார்கள்.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பொதுக்குழாயடியில் குடம் உருளவில்லை. பாலிஷ் பட்டறைப் பழனிச்சாமி பெண்டாட்டி ருக்மணியை அடிப்பதை நிறுத்தினான். ஆனால் ருக்மணியும், பன்னிரண்டு வருஷம் வாங்கிய அடியை, யாரோ ஒருத்தி வாங்கியதைச் சொல்வது போலச் சொல்லத் தொடங்கினாள். செல்லப்பன் ஆறிப்போன டீயை ஊற்றினார், குடித்துவிட்டுப் போனார்கள். ஆடி நோன்பில் மாரியம்மனுக்குப் பம்பை அடித்தபோது, வருஷா வருஷம் அருள் வந்து நாலு பேர் பிடித்தாலும் நிற்காத சாமியாடி காளியப்பன், கையில் அரிவாளோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"என்னுங்க காளியப்பா, வருதுங்களா?" என்று பூசாரி கேட்டார்.

"வர்ற மாதிரி இருந்துதுங்க. போயிருச்சு."

"செரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று பூசாரி பம்பையை நிறுத்தச் சொன்னார். அதிலும் யாருக்கும் கோபமில்லை.

எஞ்ஜினை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மறுபடி கிளப்ப யாராவது கோபப்பட வேண்டும், அதற்கு வீதியில் ஆள் இல்லை. ஆகவே அது பகலும் இரவும் ஓடியது. ஊரில் ஊறுகிற சின்னச் சின்னக் கோபத்தையெல்லாம், ஊறுகிறபோதே, கிழக்கே ரயில்வே கேட் வரைக்கும் எட்டி உறிஞ்சிக்கொண்டு ஓடியது.

கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. ஆடி முடியும்போது மேனேஜர் ஒரு நாள் காரில் வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து எஞ்ஜினை ரொம்ப நேரம் பார்த்தார். மறுவாரம் சாட்சிகள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குப்பண்ணனின் கவனக்குறைவுதான் காரணம், சங்கிலியில் பழுது எதையும் நாங்கள் பார்க்கவில்லை என்று டைப் அடித்த தாளைக் காட்டினார். விசாரணையன்று காலை எட்டு மணிக்கு வீதிக்கு வரும் கம்பெனி வேனிலேயே போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஆறு பேரும் செரிங்க என்றார்கள். அவர்களில் ஒருத்தன், கிரேன் ஓட்டுகிற சென்னியப்பன், குப்பண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், அதை மயிலாத்தாளிடமே வந்து சொன்னான்.

"பிரச்சினை பண்ண வேண்டாமுன்னு பாக்கறோங் அக்கா. போன உசுரு வரவா போகுது."

"அதுஞ் செரிதான்" என்றாள் மயிலாத்தாள்.

அவளுக்கும் அந்தத் தாளின் ஒரு நகல் வந்தது. அவள் அதைப் படித்தாள். தன் வீட்டுக்காரர் தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து நேர்த்தியாக இருந்தது. அவள் அதை மடித்து, டீ டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, விசாரணைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்று பல்லடம் பக்கத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள்.

பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியது. தாண்டி ஒரு ஃபர்லாங் போவதற்குள், அடுப்பில் வைத்த சட்டியில் எண்ணெய் கொதித்து வருவது போலக் கோபம் ஏறி வந்தது. பச்சைப் பெயிண்ட், வெள்ளைத் துணி மூட்டை, அதுஞ் செரிதான் என்று தானே சொன்ன தன் நாக்கு. மூன்று மாதமாகச் சிரித்துக்கொண்டு அவர்களுக்கு அச்சுப் பிடித்தேனே, இரும்பு ஊற்றி எரித்தவனுக்கு மணல் சலித்துக் கொடுத்தேனே என்று மயிலாத்தாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிய ஆட்டில், கண்டக்டர் பயந்துபோய், "அம்மணி, மயக்கமா வருதுங்களா?" என்று கேட்டார்.

"மயக்கந்தான் போயிருச்சு. நீ போ."

தங்கச்சி வீட்டில் மூன்று நாள் அவள் உட்காரவில்லை. உரலை நகர்த்தினாள், விறகை உடைத்தாள். போன் போட்டு நாச்சிமுத்துவிடம் எஞ்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்குங்க அண்ணி? நாப்பது பட்டறை நின்னுபோகுமுங்க. எல்லாம் நல்லாத்தான இருக்குது."

"உன்ற அண்ணனக் கொன்னது யாரு தம்பி?"

"அந்தக் கம்பெனிதானுங்க" என்றான் அவன், நாளைக்கு வியாழக்கிழமை என்று சொல்வது போல.

அவள் போனை அடித்து நொறுக்கியிருப்பாள். கையை அடக்கிக்கொண்டாள். அவனிடம் கோபத்தைப் பேசிப் பயனில்லை, எஞ்ஜினைப் பேசலாம் என்று பட்டது. குரலைத் தணித்து, "அது கெடக்கட்டும். உனக்குத் தெரிஞ்சத ஒண்ணு கேக்கறேன். உள்ள போனது எரியாம அப்படியே வெளிய வரோணுமுன்னா என்ன பண்ணோணும்?" என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பொகை உருளை இருக்குதுல்லங்க, அத ரொம்ப முன்னாடியே தொறந்து உட்டாப் போதும். ஒரு எட்டுப் பல்லு. நெருப்புப் புடிக்கறதுக்குள்ள வாசல் தொறந்துரும், இழுத்ததெல்லாம் இழுத்த மாதிரியே ஓடிரும். சைலன்சர்ல மூணு மாசமா அரகொறயா எரிஞ்ச கரி வேற கெடக்குது, அதையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஆனா எந்தக் கிறுக்கனுங்க அப்படி வெப்பான்? எஞ்ஜின் நின்னுருமே."

"சும்மாத்தான் கேட்டேன். சாப்புட்டியா?"

ஒரு சங்கடம் இருந்தது. கேட்டைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்த உடனே அவளிடம் கோபம் இருக்காது. கோபம் போனால், எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் இருந்தாலும் செய்யத் தோன்றாது. அதை அவள் மூன்று மாதம் அனுபவித்திருக்கிறாள். யோசித்து யோசித்துத் தன்னிடம் கோபத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேடினாள். இருபது வருஷ வேலை இருந்தது. கம்பெனியில் தினமும் காலையில் வேலைச் சீட்டு கொடுப்பார்கள். எத்தனை அச்சு, எந்த அளவு, எத்தனை ஆணி என்று அதில் இருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்ட பழக்கமும் இல்லை. சீட்டில் இருப்பதைக் கை செய்யும், மனசு எங்கேயோ இருக்கும். அந்தப் பழக்கத்தை அவர்கள்தான் அவளுக்குள் அடித்து இறக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் தங்கச்சி மகளின் பேனாவை வாங்கி, இடது உள்ளங்கையில், வேலைச் சீட்டில் எழுதுகிற மாதிரியே, மேலே தேதி போட்டு எழுதினாள். புகை உருளை. எட்டுப் பல் முன்னால். காலை எட்டு மணிக்குள்.

கேட்டருகே கோபம் போனது. போவதை அவள் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள், காற்று இதமாக இருந்தது. வீதிக்குள் வந்தபோது பட்டறை வாசலில் கம்பெனி வேன் நின்றது. சென்னியப்பனும் மற்ற ஐந்து பேரும் துவைத்த சட்டையோடு, எஞ்ஜினின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுவரோரம் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். மேனேஜர் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசியில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டீங்களா அக்கா, போலாமா?" என்றான் சென்னியப்பன்.

"போலாம்" என்றாள். அப்படியே வேனில் ஏறியிருப்பாள். ஏறக் கம்பியைப் பிடிக்கப் போன கையில் எழுத்து தெரிந்தது. சீட்டு. இன்றையத் தேதி. எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"ஒரு வேலை இருக்குது, முடிச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்து பெல்ட் வழுக்காமலிருக்கப் பொடி தடவிக்கொண்டிருந்தான். அவள் புகை உருளையின் கைப்பிடியைப் பிடித்து, சலிப்பும் இல்லாமல் ஆசையும் இல்லாமல், அச்சில் ஆணி வைப்பது போல எண்ணி எண்ணித் தள்ளினாள். ஒன்று. இரண்டு. ஐந்தாவது பல்லில் எஞ்ஜின் இருமியது. நாச்சிமுத்து நிமிர்ந்து, "அண்ணி, அது தப்புங்க" என்றான். தடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. எட்டு.

எஞ்ஜின் ஒரு தடவை ஊரையே உள்ளே இழுத்தது. பிறகு கொட்டியது.

புகை கறுப்பாக இல்லை, தேங்காய் நார் எரிகிற நிறத்தில் சுவரோரமாகப் புரண்டு, வீதி முழுக்க முழங்கால் உயரத்துக்கு நின்று, மூக்கு இருந்தவர்களின் மூக்கிலெல்லாம் ஏறியது. மூன்று மாதத்துக் கோபம். அன்றைக்குக் காலையில் வந்த கோபம். எது எவருடையது என்று புகைக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்தவனுக்குக் கிடைத்ததைக் கொடுத்தது. டீக்கடைச் செல்லப்பன், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்ற யாரோ ஒரு பெண்ணின் கோபத்தை வாங்கிக்கொண்டு, கணக்கு வாத்தியார் வீட்டைத் தேடி ஓடினார். பழனிச்சாமிக்குக் குழாயடியில் குடம் போன கிழவியின் கோபம் வந்து, வீடு வீடாகப் போய்க் குடத்தைத் திருப்பிப் பார்த்தான். சாமியாடி காளியப்பனுக்கு யாருடையதோ தெரியவில்லை, பம்பை இல்லாமலே அருள் வந்து, நாலு தெருவையும் சுற்றினார். எஞ்ஜின் நின்றது. நாற்பது பட்டறையும் நின்றன. அந்த நிசப்தத்தில் நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து, மூலையில் இருந்த சைக்கிளைப் பார்த்து, முப்பதாம் நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக, "அண்ணா" என்றான். அவனுக்கு மட்டும் அவனுடையதே கிடைத்தது.

மயிலாத்தாள் தன்னுடையதற்காகக் காத்து நின்றாள். அவளுக்கு வந்தது வேறு. முதுகிலும் கன்னத்திலும் சுருக்கென்று எரிந்தது. பன்னிரண்டு வருஷத்து அடி. ருக்மணியின் கோபம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சங்கிலியைப் பற்றி நெஞ்சில் ஒரு பொறிகூட இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி வேனில் ஏறினாள். ஆறு பேரும் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள்.  சென்னியப்பன் பல்லைக் கடிக்கிற சத்தம் வேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அதிகாரி நல்ல மனுஷர், வேலை அதிகம் உள்ளவர். மேஜை மேல் ஏழு தாளை அடுக்கி வைத்திருந்தார். மேனேஜர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாளைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

சென்னியப்பன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான். அவனுக்கு ஐம்பது வயது, கொடுவாள் மீசை, உடம்பில் பாதி நெருப்புத் தழும்பு. "என்ற ஊட்டுக்காரரு மூணு தடவ சொன்னாருங்க" என்றான்.

அதிகாரி நிமிர்ந்தார். "யாருப்பா உன் வீட்டுக்காரர்?"

"குப்பண்ணனுங்க. மூணாந்தடவ சொல்லிப்போட்டு வந்த அன்னிக்குச் சோறு எறங்கலைங்க அவருக்கு. தட்டத் தள்ளி வெச்சுட்டு, நாளைக்கு நான் அந்தச் சங்கிலிக்கு அடியில நிக்கோணும்னு சொன்னாரு. நிக்கக் கூடாத எடமுன்னு எழுதியிருக்கறாங்களே, நிக்கச் சொன்னது ஆருங்க? பெயிண்ட் அடிச்சாங்க சாமி. வாய் பொளந்த சங்கிலிக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. மூட்டையில கட்டிக் குடுத்து, பிரிக்கக் கூடாதுன்னாங்க. இருபத்திமூணு வருசம் கூட வாழ்ந்த எனக்கு அவரு மொகத்தப் பாக்கக் கூடாதாமா."

அடுத்தவன் எழுந்தான். அவனும் என்ற ஊட்டுக்காரரு என்றுதான் தொடங்கினான். அதற்கடுத்தவனும். கல்யாணம் ஆகாத ஒருத்தன், கண் சிவக்க, தாலி இருக்கிற இடத்தில் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கைங்க அந்தப் பெயிண்டு அடிச்சுது, அந்தக் கையக் காட்டச் சொல்லுங்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மயிலாத்தாள் சுவரோரமாக உட்கார்ந்து, தான் ஒருத்தி மட்டும் சுமந்தது அறை முழுக்க நின்று பேசுவதைக் கேட்டாள்.

மேனேஜர் சிரிக்க முயன்றார். "சார், எல்லாரும் ஒரே மாதிரி ஒப்பிக்கறாங்க. இந்தம்மா சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்குது" என்று அவள் பக்கம் கையை நீட்டினார்.

நீட்டிய கையைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த ருக்மணி எழுந்துவிட்டாள். "இனி ஒருக்கா கைய ஓங்கிப் பாரு" என்றாள் மயிலாத்தாள். அவர் ஓங்கவில்லை. இருந்தாலும் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அதிகாரி டைப் அடித்த ஏழு தாளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதத் தொடங்கினார். ஆறு பேர் சொன்னதையும் எழுதி, ஆறு கையெழுத்து வாங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஏழாவதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவை உதறி, "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டார்.

மயிலாத்தாள் எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏழு பேருக்கும் ஒரே பேருதானுங்க. குப்பண்ணன். எழுதுங்க."